காப்பியடித்தே தீருவேன்: ஆறு கம்பியில் ஒரு பன்னிரண்டு கம்பிப் பாட்டு

வீட்டில் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைக் கவர் பண்ணப் போகிறேன், அதாவது நானே திரும்பப் பாடி வாசித்துப் பதியப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற அறிவுரை ஒன்றுதான். "அப்படியே எடுத்து வைக்காதே, உன் டச் ஒண்ணு இருக்கணும்." மெதுவாகப் பாடு, பியானோவில் பண்ணு, நடுவில் கொன்னக்கோல் வை, கடைசியில் ஒரு வயலின் ஆலாபனை. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்குத்தான் உடன்பாடில்லை. பாட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்றே முழுசாகத் தெரியாதவன் அதற்கு என்ன டச் கொடுத்துக் கிழிக்க முடியும்?

நான் வளர்ந்தது பெங்களூரில், அல்சூர் பக்கம். கோயில் திருவிழா, விநாயகர் சதுர்த்தி, நவம்பரில் ராஜ்யோத்சவா, எது வந்தாலும் தெருமுனையில் மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா நடக்கும். ஒரு கன்னடப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு என்று மாற்றி மாற்றி ராத்திரி வரைக்கும் போகும். அந்தக் கூட்டத்துக்கு ஒரே அளவுகோல்தான், ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா இல்லையா. இளையராஜா பாட்டில் இரண்டாவது இன்டர்லூடில் வருகிற புல்லாங்குழல் பிட்டைக் கீபோர்டுகாரர் விட்டுவிட்டால் போதும், பைக்கை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று கேட்கிறவர்கூட உச்சுக்கொட்டுவார். பாடகர் சொந்தமாக ஒரு சங்கதி போட்டால் யாரும் கைதட்ட மாட்டார்கள். சரி, சில பேர் தட்டுவார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால் மரியாதை கிடைப்பது பிட்டு பிசகாமல் வாசித்தவருக்குத்தான். அங்கே பழகிய காதை வைத்துக்கொண்டுதான் ஒரு அமெரிக்க ஃபோக் ராக் பாட்டைக் கையில் எடுத்தேன்.

பாட்டு, தி பேர்ட்ஸ் குழுவின் 'டர்ன்! டர்ன்! டர்ன்!'. 1965 அக்டோபரில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டாக வந்தது, டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. வரிகள் ஏறக்குறைய முழுவதும் பைபிளில் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்கள். 1950களின் கடைசியில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அதற்கு மெட்டுப் போட்டார். பல்லவியில் மூன்று முறை சுற்றிவருகிற அந்தச் சொல்லும், கடைசி வரியில் வருகிற ஆறு சொற்களும்தான் அவர் சொந்தமாகச் சேர்த்தவை. 1962இல் தி லைம்லைட்டர்ஸ் குழு பாடியது, அதே வருடம் சீகரும் பதிவு செய்தார், 1963இல் பாடகி ஜூடி காலின்ஸ் தன் மூன்றாவது ஆல்பத்தில் பாடினார்.

இங்கேதான் எனக்கு எதிராக ஒரு நல்ல கேள்வி வரும். பேர்ட்ஸ் மட்டும் சீகரைக் காப்பியா அடித்தார்கள், அவர்களும் மாற்றித்தானே செய்தார்கள் என்று. உண்மைதான். ஆனால் அந்த ஜூடி காலின்ஸ் ஆல்பத்தில் இந்தப் பாட்டுக்கு அரேஞ்ச்மென்ட் செய்தது ஜிம் மெக்குவின் என்ற இளைஞர், பின்னாளில் ரோஜர் மெக்குவின், அதாவது பேர்ட்ஸின் அதே மெக்குவின். எலெக்ட்ரிக் கிட்டாரோடு இந்தப் பாட்டைத் தொடுவதற்கு இரண்டு வருடம் முன்பே வெறும் அக்கூஸ்டிக்கில் அதன் ஒவ்வொரு மூலையிலும் நடந்து பார்த்தவர். அப்புறம்தான் மாற்றினார். அப்படியும் பேர்ட்ஸ் இதை ஸ்டுடியோவில் பிடிக்க ஐந்து நாளில் 78 டேக் எடுத்தார்கள், அதாவது 78 முறை வாசித்துப் பதிந்தார்கள் என்பது அந்தக் குழுவின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற விஷயம். தானே அரேஞ்ச் செய்த பாட்டுக்கே அவ்வளவு பாடு என்றால், படுக்கையறையில் லேப்டாப் வைத்திருக்கிற நான் சனிக்கிழமை மத்தியானம் 'என் டச்' கொடுத்துவிடலாம் என்று நினைப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டின் உயிர் அந்தக் கிட்டார் சத்தம். மெக்குவின் வாசித்தது ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக். 1964இல் பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இவர் வாங்கினார். இன்றைக்கு அந்தக் கிட்டார் இங்கே வந்து சேர லட்சக்கணக்கில் ஆகும், என் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது. அதனால் நாஷ்வில் ட்யூனிங். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பன்னிரண்டு கம்பி கிட்டாரில் ஆறு ஜோடி. தடிமனான நாலு ஜோடியிலும், அதாவது இ, ஏ, டி, ஜி, ஒரு கம்பி வழக்கமான சுருதியில், கூட இருப்பது ஒரு ஸ்தாயி மேலே. மெல்லிசான பி, இ இரண்டு ஜோடியிலும் ரெண்டு கம்பியும் ஒரே சுருதி. ஆகவே ஒரு பன்னிரண்டு கம்பி செட் வாங்கி, அதிலிருக்கிற மேல்ஸ்தாயிக் கம்பிகளை மட்டும் பிரித்து ஒரு சாதாரண ஆறு கம்பி கிட்டாரில் மாட்டினால், அது பன்னிரண்டு கம்பியின் மறுபாதி. முதலில் சாதாரணக் கம்பியில் ஒரு ட்ராக், அப்புறம் இந்த மறுபாதியில் அதே பகுதி இன்னொரு ட்ராக். இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு.

என்னிடம் இருப்பது ஒரே எலெக்ட்ரிக் கிட்டார். எனவே சாதாரணக் கம்பியில் வாசிக்க வேண்டியதை எல்லாம், பின்னணி ஸ்ட்ரம்மிங் உட்பட, முழுசாக முடித்துவிட்டுத்தான் கம்பியை மாற்றவே தொடங்கினேன். மாற்றின பிறகு இரண்டு சில்லறைத் தொல்லை. கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காருகிற நட்டு என்ற பட்டையில், தடிமன் கம்பிக்காக வெட்டின பள்ளத்தில் மெல்லிசான கம்பி ஆடும். ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துக் கீழே வைத்தால் நிற்கும். அப்புறம் இன்டொனேஷன், அதாவது கழுத்தின் எந்தக் கட்டத்தில் (ஃப்ரெட்டில்) அழுத்தினாலும் சுருதி சரியாக நிற்பது. தடிமன் கம்பிக்காகப் பின்னால் தள்ளி வைத்த சேடில் (கம்பியின் கீழ்முனை உட்காரும் இடம்) இதற்குப் பொருந்தாது, மேலே ஃப்ரெட்டில் போகப்போக சுருதி இறங்கும். சேடிலை முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். ஜி கம்பி செட்டிலேயே மெல்லிசு, அதை முறுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இதை அனுபவஸ்தன் சொல்கிறேன்.

இரண்டு ட்ராக்கையும் இடது வலது என்று பிரித்துப் போடத்தான் கை பரபரக்கும். போடக்கூடாது. பிரித்தால் அது இரண்டு கிட்டார், நமக்கு வேண்டியது ஒரே கிட்டார். இரண்டையும் நடுவிலேயே வையுங்கள். வாசிப்பு 20, 30 மில்லிசெகண்ட் விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும், ஆகவே இரண்டாவது ட்ராக்கை வாசிக்கும்போது முதல் ட்ராக்கை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு கூடவே போக வேண்டும். இன்னொரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது: மற்ற பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் கீழ்நோக்கி அடித்தால் மேல்ஸ்தாயிக் கம்பிதான் முதலில் மாட்டும், ரிக்கன்பேக்கரில் ஜோடியின் வரிசை தலைகீழ், கீழ்ஸ்தாயிதான் முதலில். அந்தக் கிட்டாரின் அடையாளத்தில் பாதி அதுதான். ஆகவே மேல்ஸ்தாயி ட்ராக்கை முழுசாக ஒரு ஐந்து மில்லிசெகண்ட் பின்னால் நகர்த்தினேன். கேட்டதும் சிரிப்பே வந்துவிட்டது. அதே கிட்டார், அதே வாசிப்பு, ஆனால் ரெக்கார்டுக்கு ஒரு அடி பக்கத்தில் போய்விட்டது.

மிச்ச பாதி வலது கையில் இருக்கிறது. மெக்குவின் சிகாகோவில் ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்கில் படித்தவர், பேஞ்சோ என்ற அமெரிக்கக் கம்பி வாத்தியத்தின் கைப்பழக்கம் உள்ளவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சாதாரண பிக் (கம்பி மீட்டும் சின்னத் தகடு), அடுத்த இரண்டு விரலில் உலோக ஃபிங்கர் பிக். அவர் கார்டை, அதாவது பல ஸ்வரங்களை ஒரே அடியாக, அடிப்பதில்லை, பேஞ்சோ ரோல் போல ஒவ்வொரு கம்பியாக உருட்டி விடுகிறார், ஒரு ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது மேலே ஏறிக்கொள்கிறது. நான் முதலில் வெறும் பிக்கில் அதே ஸ்வரங்களை வாசித்துப் பார்த்தேன், எல்லா ஸ்வரமும் சரி, பாட்டு மட்டும் இல்லை. ஃபிங்கர் பிக் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பழகியபோது பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள், நகம் வளர்க்கிறீங்களா?" என்று கேட்டான். 'உன் டச் கொடு' கட்சியில் நான் இருந்திருந்தால் இந்த விரல் விஷயம் என் கண்ணிலேயே பட்டிருக்காது.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னதை மேலே தூக்குவது; அதைச் செய்வது கம்ப்ரஸர். ரிக்கன்பேக்கர் தனியாக வாசித்தால் மொத்தென்றுதான் இருக்கும், கம்ப்ரஸர் சேர்ந்தால்தான் நீண்டு ஒலிக்கும் என்று மெக்குவினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ராக் குழுக்களின் சத்தத்தில் ஸ்டுடியோ சாமான் கெட்டுவிடக்கூடாது என்று பயந்துதான் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனியின் இன்ஜினியர் கம்ப்ரஸரைப் போட்டாராம். பயத்தில் பிறந்த சத்தம்! நான் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் இரண்டு கம்ப்ரஸரை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன், முதலாவது 4:1 விகிதத்தில், அடுத்தது அதைவிடக் கொஞ்சம் மென்மையாக. ஆனால் கம்ப்ரஸர் ஸ்வரத்தின் வாலை மட்டும் தூக்கிக் கொடுக்காது, அடியில் கிடக்கிற இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். வீட்டு ரெக்கார்டிங்கின் உண்மையான போராட்டம் அங்கே ஆரம்பிக்கிறது.

சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) என்றால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ளே வந்து ரீங்காரம் போடும். நாற்காலியை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் அது பாதியாகக் குறையும். எனக்கு அது பாத்ரூம் கதவைப் பார்த்து உட்கார்ந்தால். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பெரிய வில்லன், ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்தால் கிட்டாரில் ஈ மொய்க்கும். பெங்களூரில் இருப்பதன் ஒரே இசை லாபம் இதுதான் என்று நினைக்கிறேன், டிசம்பரில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு போர்வையோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிக்கலாம். சென்னையில் இருக்கிற என் தம்பி இதைக் கேட்டால் திட்டுவான். கரண்ட் போனால் மட்டும் நிறுத்திவிடுவேன், எங்கள் இன்வெர்ட்டரில் வருகிற கரண்ட் சுத்தமான சைன் அலை இல்லை, அது தொடங்கியதும் கிட்டாரில் தனி ஆலாபனை கேட்கும்.

பாடுவதற்கு மைக் வைத்தபோது கதை வேறு. எங்கள் தெருவில் காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், அதன் பின்னால் தண்ணீர் டேங்கர், சம்ப் மோட்டார், எதிர்வீட்டுக் குக்கர், யாரோ எங்கேயோ சுவரில் டிரில் போடுவார்கள் (பெங்களூரில் ஏதோ ஒரு சுவரில் எப்போதும் டிரில் ஓடும்), சாயங்காலம் பக்கத்துப் பக்கத்திலேயே பள்ளிவாசல், கோயில், சர்ச். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நாய்கள். விடிவதற்கு முன் கிடைக்கிற நேரம்தான் பாட. சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஷூர் எஸ்.எம்.57க்கு மாறினேன், டைனமிக் மைக், பக்கத்தில் வாயை வைத்துப் பாடினால் அறையைக் குறைவாகத்தான் கேட்கும். அந்த மைக் சந்தைக்கு வந்ததும் 1965தான், பாட்டும் அதுவும் ஒரே வயசு. பின்னால் கயிறு கட்டி பவானி ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டேன். இரும்புப் பீரோவின் கைப்பிடி மட்டும் ஒரு குறிப்பிட்ட கீழ் ஸ்வரத்துக்குக் கிர்ரென்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, துணியைச் சுற்றியதும் வாயை மூடியது.

டிரம்ஸுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சின்ன வயசில் மேடையில் நான் வாய்பிளந்து பார்த்த ஆர்கெஸ்ட்ராக்காரர்களில் ஒருவர் இன்றும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், ரோலண்ட் எஸ்.பி.டி.20 எலெக்ட்ரானிக் டிரம் பேட் வைத்திருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பேடில் மிடி அவுட் இருக்கிறது, எங்கே எவ்வளவு பலமாக அடித்தார் என்ற தகவலை வெளியே அனுப்பும் வழி. அதை லேப்டாப்பில் சொருகினால் அவர் கையின் அடி நம் சாஃப்ட்வேர் டிரம்ஸில் விழும். பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

"இதுல என்னடா இருக்கு? ரோலே காணோமே."

"அண்ணே, வாசிச்சவர் மைக்கேல் கிளார்க். குழு ஆரம்பிச்சப்போ அவருக்கு டிரம்ஸே கிடையாது, அட்டைப்பெட்டியில வாசிச்சுப் பழகினவரு."

அண்ணன் இரண்டாவது முறை கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் பேச்சில்லை. பேஸ் வாசித்த கிறிஸ் ஹில்மனும் அதற்கு முன்பு ப்ளூகிராஸ் மேண்டலின்காரர், பேஸ் கையிலெடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது என்று சொன்னதும், "அதான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே போறாங்க" என்றார். க்ளிக் (தாளம் பிடிக்க ஓடும் டிக் டிக் சத்தம்) வேண்டாம், ரெக்கார்டையே காதில் போடு, அது ஏறுற இடத்தில் நானும் ஏறுவேன் என்றார். முடித்துவிட்டு நான், அடிகளைத் தாளக் கட்டத்துக்குள் இழுத்துவைக்கிற குவான்டைஸ் பட்டனுக்குப் பக்கத்தில் மவுஸைக் கொண்டுபோனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டத்துக்குள்ள அடைச்சேன்னா நான் பேடை எடுத்துட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

பேர்ட்ஸில் பெரும்பாலும் மெக்குவினும் ஜீன் கிளார்க்கும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவார்கள், டேவிட் கிராஸ்பி மேலே ஹார்மனி. அதனால் மெட்டை நானே இரண்டு முறை பாடி ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். எனக்குப் பிரச்சினை ஸ்வரத்தை நேராக நிறுத்துவது. கேட்டு வளர்ந்த பாட்டுகள் எல்லாம் ஸ்வரத்தை ஆட்டியே பாடியவை, கவனம் தப்பினால் கடைசிச் சொல்லில் ஒரு குட்டிக் கமகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எவ்வளவு முயன்றும் போகவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதைத்தான் என் டச் என்று எல்லாரும் கேட்டார்களோ என்னவோ.

கிராஸ்பியின் பகுதிக்குக் குக் டவுனில் இருக்கிற அத்தை. வருடக்கணக்கில் தமிழ் ஆராதனை கொயரில் பாமாலைக்கு ஆல்ட்டோ, அதாவது பெண்குரலில் கீழ்ப்பகுதி, பாடுகிறவர். பாட்டு ஆரம்பித்து இரண்டு வரி போகவில்லை, "டேய், இது பிரசங்கி மூணாம் அதிகாரம்ல?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். "அப்புறம் ஏன் இவ்ளோ அவசரமா ஓடுறாங்க, வசனத்தை நிறுத்திச் சொல்லணும்ல?" இதற்கு என்னிடம் பதிலில்லை. ஹார்மனியைப் பிரித்துக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் ஹெட்போனை மாட்டுவதற்குள் அவரே பாட ஆரம்பித்துவிட்டார். கிராஸ்பி மெட்டுக்கு மேலே மூன்றாவது ஸ்வரத்திலேயே ஒட்டிக்கொண்டு போவதில்லை, நாலாவது, ஐந்தாவது என்று தாவிக்கொண்டே இருக்கிறார், எனக்கு அது பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய வேலை. அத்தை போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டபடியே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பிடித்தார். எப்படி அத்தை என்று கேட்டால், "ஆல்ட்டோக்காரிக்கு யாருடா மெட்டு குடுத்தா? மிச்சம் இருக்கிற இடத்துலதான் பாடிப் பாடிப் பழக்கம்" என்கிறார். டம்பரினும் அவரே. அவர் பையில் எப்போதும் ஒன்று இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்து சிங்கிள் இடது வலது பிரிவில்லாத மோனோதான், நானும் மோனோவில்தான் முடித்தேன். எல்லாமே நடுவில் குவிந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும், அதனால் எதற்கு எவ்வளவு கீழ் அதிர்வெண்ணை வெட்டுவது என்பதில்தான் நேரமெல்லாம் போனது. பேஸ், பேட் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாக எடுத்துவிட்டேன். விலை கூடின ஹெட்போனில் நன்றாக இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் அதைவிட நன்றாக இருக்கிறது.

பதிவேற்றுவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: வீடியோ தளங்களில் கவர் பாட்டை ஏற்றினால் தானாகவே உரிமைக் கோரிக்கை வரும், பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். எனக்கும் வந்தது, மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். இந்தப் பாட்டின் ராயல்டிக் கணக்கே ஒரு தனிக் கதை. மெட்டு முழுசாக என்னுடையது, வரிகளில் கொஞ்சம்தான் என்னுடையது என்று கணக்குப் போட்டு, தனக்கு வருவதில் 45 சதவீதத்தை பாலஸ்தீனர்களின் வீடுகள் இடிக்கப்படுவதை எதிர்க்கிற ஓர் இஸ்ரேலிய அமைப்புக்குக் கொடுத்துவிட்டார் சீகர். காசுக்கு விற்பதாக இருந்தால் வேறு சட்டம். நம் ஊர் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவில் கவர் ரெக்கார்டுக்கு உரிமம் உண்டு, முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். என் பாட்டை ஐம்பது பேர் கேட்டாலே பார்ட்டி வைப்பேன், ஆகவே அந்தப் பக்கம் போகவில்லை.

அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். டிரம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "கிட்டார்ல செகண்ட் பிட்டு முடியுற எடத்துல ஒரு ஸ்வரம் விட்டுட்ட, ரெக்கார்டுல இருக்கு" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. போய்க் கேட்டேன். இருக்கிறது. மேல்ஸ்தாயிக் கம்பி இன்னும் கிட்டாரில்தான் இருக்கிறது, பாதியை இன்று ராத்திரியே வாசித்துவிடலாம், மறுபாதிக்குத்தான் பழைய கம்பியைத் திரும்ப மாட்ட வேண்டும். அத்தைக்கு வேறு குறை, டம்பரின் கேட்கவே இல்லையாம். இரண்டு டெசிபல் ஏற்றி அனுப்பினேன், இன்னும் ஏற்று என்கிறார்.